நிலுவைச் சொல்

வெயில் என்றால் அப்படியொரு வெயில். கத்திரி உச்சத்தில் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, பனியில் சறுக்குகிற கட்டைக்குத் தமிழில் என்ன பேர் வைக்கலாம் என்று வேர்க்க விறுவிறுக்க மண்டையை உடைத்துக்கொள்கிற கூட்டம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். கலைச்சொல் குழு என்று வாசலில் பலகை தொங்குகிறது. வேளாண்மை முடித்தாயிற்று, மருத்துவம் முடித்தாயிற்று, கட்டடக்கலை முடித்தாயிற்று, இப்போது குளிர்கால விளையாட்டும் பனிக்கால வானிலையும். அதில் ஒரு ஆளாகப் புலவர் நல்லபெருமாள் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தது உடம்பு மட்டும்தான். கண் மேசை நடுவில் இருந்த மூங்கில் தட்டில் இருந்தது. சொல் பிறக்கிற இடத்தில் மணி அடிக்கக் கூடாது என்று தலைவர் ஆவுடையப்பன் ஒரு சட்டம் போட்டிருக்கிறார், வந்ததும் எல்லாரும் கைப்பேசியை வாயடைத்து அந்தத் தட்டில் போட்டுவிட வேண்டும், வெற்றிலைத் தட்டு மாதிரி அது நடுவில் இருக்கும். புலவருடையது மேலாக மல்லாந்து கிடந்தது. மற்றவர்களுடையதைக் கொஞ்சம் ஒதுக்கி அவரேதான் அப்படி வைத்தார். அது ஒளிர்ந்தால் தெரியும். ஒளிரவில்லை என்றால் நல்லது, இல்லை ஒளிர்ந்தால்தான் நல்லது, இல்லை, ஒளிராமல் இருக்கிறவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், எது நல்லது என்று இந்த மனுசனுக்கே பிடிபடவில்லை. காலையிலிருந்து இந்த ஒரே நூலைத்தான் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறார், எடுக்க எடுக்க முடிச்சு விழுகிறது. அவருடைய ஒரே மகன் நன்மாறன் பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கு எல்லையில், பனிமலை உச்சியில், அவன் நிற்கிற சாவடியின் மேல் நேற்று ராத்திரி பனி சரிந்து விழுந்திருக்கிறது.

காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் அது தெரிந்தது. தொலைக்காட்சியில் அடியில் ஓடுகிற சிவப்புப் பட்டையில் சாவடியின் பேரைப் போட்டான், வீரர்களைத் தேடும் பணி தீவிரம் என்று போட்டான், அடுத்து தங்கம் விலை போட்டான். டம்ளரிலிருந்து டவராவுக்கு ஊற்றிய காப்பி கையில் கொட்டியது, சுடுகிறது என்றே தெரியவில்லை. அடுக்களையிலிருந்து உலகம்மாள், என்னங்க சத்தம், என்று கேட்டாள். ஒண்ணுமில்ல, கை தவறிட்டு. ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருசம் ஓட்டியாகிவிட்டது. அவளுக்கு மகன் பஞ்சாப்பில் இருக்கிறான். அப்பனும் மகனும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்ட பொய் அது. அம்மா தாங்க மாட்டாப்பா, ஏற்கெனவே பிரசர், பஞ்சாப்னு சொல்லிருங்க, கோதுமை வயலுக்குப் பக்கத்துல முகாம், வேளாவேளைக்குச் சப்பாத்தி, அப்படிச் சொல்லிருங்க. சரிதான் என்று இவரும் சொல்லிவிட்டார். பொய் என்றால் ஒரே பொய்யாக இருக்க வேண்டும், ஊருக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று வைத்தால் எங்காவது கசிந்துவிடும் என்று குழுவிலும் அதையே சொன்னார். ஆக இந்தச் சென்னைப் பட்டணத்தில், மகன் பனியில் நிற்கிறான் என்று தெரிந்த ஆள் இவர் ஒருத்தர்தான். நல்ல கெட்டிக்காரத்தனம். இப்போது பயப்படுவதற்குக்கூடத் துணைக்கு ஆள் கிடையாது. மொட்டைமாடிக்குப் போய் மகன் நம்பருக்கு அடித்தார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது, அது என்றைக்கும் சொல்வதுதான். முகாம் நம்பர் ஓயாமல் வேறு யாருடனோ பேசிக்கொண்டே இருந்தது. வீட்டில் இருந்தால் உலகம்மாள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், முப்பது வருசம் குடும்பம் நடத்தின மூஞ்சி, அதில் எதை ஒளிக்க. அதனால்தான் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

“ஸ்கீ. போன கூட்டத்துல பாதியில நிக்குது. தமயந்தி, வேரைச் சொல்லும்மா” என்றார் தலைவர். வேர் தெரியாமல் சொல் ஆக்கக் கூடாது, அது இந்தக் குழுவின் நடைமுறை. மொழியியல் பேராசிரியை தமயந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “நார்வே நாட்டு வார்த்தை சார். பழைய வடமொழி, அதாவது அவங்க வடக்கு. பிளந்த கட்டைன்னு அர்த்தம். வெறகு சார், வெறும் வெறகுச் சிராய். அதைக் கால்ல கட்டிக்கிட்டுதான் மொதமொத சறுக்கிருக்காங்க.” பிளந்த விறகு. புலவரின் மனசு அங்கேயே இடறி நின்றது. விறகு என்றால் அடுப்பு என்று போயிருக்கலாம், இந்தப் பாவி மனசு நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. மாமாங்கத்துக்கு முன்னால் அவருடைய அப்பாவை வைத்து அடுக்கினார்களே, கருவேலங்கட்டை, நடுவில் பிளந்து, உள்ளே சிவந்து. சீ, என்ன நினைப்பு இது. மனசைத் தலையில் குட்டி இழுத்துவந்து காகிதத்தின் முன்னால் உட்காரவைத்தார். அவருக்கு இங்கே வேலை எடுத்துக்காட்டு. சொல் முடிவானதும் அதைப் புழங்கிக் காட்ட ஒரு வாக்கியம் வேண்டும், அதை ஆக்கித் தருகிறவர் புலவர் நல்லபெருமாள். எந்த வாக்கியமானாலும் அதில் எழுவாய் நன்மாறன்தான். அவன் அரை டவுசர் போட்ட காலத்தில், வேளாண்மைத் தொகுதியில், நன்மாறன் பரம்படித்தான் என்று விளையாட்டாக எழுதியதில் தொடங்கியது. குழுவில் எல்லாரும் சிரித்தார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. அவன் பெரியவனானதும் கிண்டல் பண்ணுவான். அப்பா, உங்க அகராதியில நான் ஏர் உழுதுட்டேன், பாலம் கட்டிட்டேன், வக்கீலாகி வழக்கும் ஜெயிச்சுட்டேன், நெசத்துலதான் பிளஸ் டூ கணக்குல கோட்டை விட்டுட்டேன். மருத்துவத் தொகுதியில்தான் உலகம்மாள் சண்டைக்கு வந்தாள். மஞ்சள் காமாலையா, நன்மாறனுக்கு. வாதமா, நன்மாறனுக்கு. ஏங்க, உங்களுக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா, பெத்த பிள்ளைக்கு ஊர்ல உள்ள சீக்கையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களே, உங்களுக்கு இதெல்லாம் அடுக்குமா. போடி, எழுத்துதானே, என்றார் அன்றைக்கு. அவனுக்கும் ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை, ஆலமரம் மாதிரி வளர்ந்தான்.

“புலவரே, சறுக்குக்கட்டைன்னு முடிவாயிட்டு. எடுத்துக்காட்டு?” தலைவரும் திருநெல்வேலிப் பக்கம்தான், பதவிதான் பெரிசு, பேச்சு ஊர்ப்பேச்சு. புலவர் பேனாவைத் திறக்காமலே சொன்னார். நன்மாறன் சறுக்குக்கட்டையில் ஏறிக் கீழே வந்துசேர்ந்தான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. கீழே வந்துசேர்ந்தான். வரட்டுமே. அடுத்தது ஸ்லாலம், நட்டுவைத்த கொடிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து சறுக்குகிற ஆட்டம். சரிவு ஒரு சொல், தடம் ஒரு சொல், சரிவில் விழுந்த தடம், மரத்தை வெட்டி மலையிலிருந்து இழுத்துப்போனால் பனியில் ஒரு கோடு விழுமாம், அந்தக் கோட்டுக்குப் பேர், இது தமயந்தி. வளைசறுக்கு என்று ஆயிற்று. நன்மாறன் வளைசறுக்கில் தடுமாறாமல் இறங்கினான். அடுத்தது பீஸ்ட், பந்தயத் தடம், இடித்து மிதித்துக் கெட்டியாக்கியது என்று வேர், உரலில் போட்டு இடிக்கிற இடி. நன்மாறன் கெட்டித்தடத்தில் நடந்து முகாமை அடைந்தான். இப்படியே ஒவ்வொரு படியாக அவனை இறக்கிக்கொண்டிருந்தார் மனுசன். சாவடியிலிருந்து பாறைக்கு, பாறையிலிருந்து பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து முகாமுக்கு. ஒரு வாக்கியம் விட்டுப்போனால் அவன் அங்கேயே நின்றுவிடுவான் போலப் பதறியது. “என்ன வே, இன்னைக்குப் பையன் எல்லாத்துலயும் எறங்கிக்கிட்டே இருக்கான், லீவு கெடைச்சிட்டா?” என்று தலைவர் சிரித்தார். ஆமா, கெடைச்ச மாதிரிதான், என்று இவரும் சிரித்துவைத்தார். சிரித்த வாயை எப்படி மூடுவது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தட்டில் கைப்பேசி கறுப்பாகவே கிடந்தது.

ஸ்நோ வந்தது. இது பனி, இதில் என்ன பேச்சு என்று தலைவர் தள்ளப் பார்த்தார், தமயந்தி விடவில்லை. “வேர் கேளுங்க சார், நல்லா இருக்கும். சமஸ்கிருதத்துல ஒட்டுறது, ஈரமா பிசுபிசுன்னு இருக்கிறது, அந்த வேரும் இதுவும் ஒண்ணுன்னு ஒரு கட்சி சொல்லுது. அதுலருந்துதான் சிநேகம், நம்ம நேயம் எல்லாம். பனியும் பாசமும் ஒரே வயித்துல பொறந்ததுங்க.” நன்றாயிருக்கிறது உறவு. பிடித்தால் விடாது, அந்த வகையில் ஒன்றுதான். நம்முடைய பனி அதைவிட யோக்கியமான சொல், அதற்கு நடுக்கம் என்று பொருள், பனித்தல் என்றால் நடுங்குதல், பழைய பாட்டெல்லாம் அப்படித்தான் சொல்லும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது வெறும் பொருள், இப்போது மேசைக்கடியில் முழங்கால் இரண்டும் அந்தப் பொருளை நடத்திக் காட்டுகின்றன, வெளியே நாற்பது டிகிரி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்றார் தலைவர் யாருக்கோ. நம் பனி மச்சைத் துளைத்தால் மூக்கு ஒழுகும், ஒரு சுக்குக் காப்பியில் போய்விடும். போன வாரம் நன்மாறன் பேசினான். லைன் நன்றாகக் கிடைத்தது, அதுதான் வினையாகப் போயிற்று. நிலுவையில ஒரு சொல் நிக்குப்பா, அவலாஞ்ச்னு, மலையில பனி சரிஞ்சு விழுமே, அதுக்கு அங்க நீங்க என்ன சொல்லுவீங்க, என்று இவர் கேட்டார். அவன் சிரித்தான். அப்பா, இங்க அதுக்குப் பேரே சொல்ல மாட்டோம். அது வந்துச்சு, அது போச்சு, அவ்வளவுதான். நம்ம ஊர்ல ராத்திரி பாம்புன்னு சொல்லாம கயிறுன்னு சொல்றாங்கல்ல, அந்த மாதிரி. அத்தோடு விட்டிருக்கலாம். சொல் பொறுக்குகிற புத்தி விடவில்லை. அட, படிச்ச பய மூடநம்பிக்கை பேசலாமா, எப்படி வரும், சத்தம் எப்படி இருக்கும், வாய்விட்டுச் சொல்லுலே, குறிச்சுக்கிடுதேன். அவன் சொன்னான். முதலில் உம்மென்று ஒரு சத்தம், பிறகு காற்று, பிறகு வெள்ளை. பின்னால் யாரோ ஒருத்தன் இந்தியில் அவனை அதட்டினான். பாருங்கப்பா, பேச்சை எடுக்காதேன்னு ஹவில்தார் திட்டுறார், என்று சிரித்துக்கொண்டே வைத்தான். அந்த அதட்டல் இப்போதும் காதுக்குள் கேட்கிறது.

அப்போதுதான் தட்டில் வெளிச்சம் வந்தது. வீடு என்று எழுதியிருந்தது. முகாமில் மகன் இவர் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறான், வீட்டு நம்பர் கிடையாது, ஆனால் பட்டாளத்துக்காரனுக்கு நம்பர் கிடைக்காதா, தபால்காரன் மாதிரி போலீஸ்காரன் யாரையாவது வாசலுக்கு அனுப்பியிருந்தால், அவள் தனியாகக் கதவைத் திறந்திருந்தால். சட்டமாவது மண்ணாவது, எட்டி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். “என்னங்க, கூட்டமா, ஒரே ஒரு நிமிசம்” என்றாள் உலகம்மாள், குரல் எப்போதும்போல இருந்தது. “பஞ்சாப்ல வெயில் நாப்பத்தாறாம், டி.வி.யில காட்டுதான். ரோட்டுல முட்டைய ஒடைச்சு ஊத்திப் பொரிச்சுக் காட்டுதான். பிள்ளை இந்த வெயில்ல துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்குமே. பேசினான்னா மோர் நெறையக் குடிக்கச் சொல்லுங்க, வெங்காயத்தைப் பையில போட்டுக்கிடச் சொல்லுங்க.” சொல்லுதேன் என்றார். “வேற ஒண்ணும் காட்டலியா?” ஏன் கேட்டோம் என்று நாக்கைக் கடித்தார். “காட்டினான், எங்கயோ பனியில பட்டாளத்துப் பையன்மாரு மாட்டிக்கிட்டாங்களாம். யார் பெத்த பிள்ளைகளோ, வயிறு எரியுது. நம்ம பிள்ளைக்கு வெயிலோட போச்சு, அந்த மட்டுக்கும் இசக்கியம்மா புண்ணியம்.” வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதே சொல்லிவிடலாம், பாதிப் பாரத்தை அவள் தலையில் மாற்றிவிடலாம், முப்பது வருசமாக எல்லாப் பாரத்தையும் அப்படித்தான் மாற்றியிருக்கிறார். ஆனால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளைக்கு மோர் ஊற்றிக்கொண்டிருக்கட்டும். சரி வை, தலைவர் கூப்பிடுதார், என்று வைத்துவிட்டார்.

உள்ளே வந்து கைப்பேசியைத் திரும்பத் தட்டில் வைத்தபோது, கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். முதல் கூட்டத்தில் ஒத்துவராமல் நிலுவையில் போட்ட சொற்கள், அதில் இந்தத் தொகுதிக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. காலையிலிருந்தே அது அந்தப் பக்கத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது புலவருக்குத் தெரியும், கண்ணை அந்த வரிக்குப் போகவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “அவலாஞ்ச். பனிச்சரிவுன்னு அன்னைக்குச் சொன்னோம், நான்தான் ஒத்துக்கிடலை. சரிவுன்னா மலையோட சாய்வு. ஒருத்தன் பனிச்சரிவில் விளையாடினான்னு எழுதினா, செத்தானா பொழைச்சானான்னு தெரிய வேண்டாமா” என்றார் தலைவர். செத்தானா பொழைச்சானா. அதே கேள்விதான், இவர் காலையிலிருந்து கேட்பதும். தமயந்தி வேரை எடுத்தாள். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் வார்த்தை, வழுக்குவது என்று ஒரு லத்தீன் வேர், அதோடு பிரெஞ்சுக்காரன் வாயில் பள்ளத்தை நோக்கி இறங்குவது என்கிற சொல்லும் கலந்துவிட்டது, அந்தச் சொல் பிற்பாடு தொண்டைக்குள் இறங்குவதாகி, இப்போது பிரெஞ்சில் அதற்கு விழுங்குவது என்று பொருள். “அப்ப பனிவிழுங்கின்னு வைக்கலாமே” என்றார் தலைவர், குரலில் ஒரு சந்தோசம். ஒரு நல்ல சொல் அகப்பட்டால் அவருக்கு நெய்ச்சோறு தின்ற மாதிரி. “வேண்டாம் சார், பனிச்சரிவே இருக்கட்டும்” என்றாள் தமயந்தி. “ஜனங்க எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்குக் காலைல நியூஸ்ல பாத்தீங்கல்ல, பனிச்சரிவுன்னுதான் போட்டான். எல்லைல ஒரு சாவடியே பொதைஞ்சிடுச்சாம். யாருக்கும் அர்த்தம் புரியாமப் போகலியே.” ஐயோ என்று ஒரு சத்தம் வந்தது. தட்டச்சு செய்கிற லூர்துமேரி, ஓய்வுபெறப் போகிற வயசு, பக்கத்தில் கணினி முன்னால் இருந்தவள் சிலுவை போட்டுக்கொண்டாள். தலைவரும் உச்சுக்கொட்டினார். பிறகு, சரி, வழக்கு வென்றது, பனிச்சரிவே என்றார். சாவடி புதைந்ததில் ஒரு சொல் நிலைபெற்றுவிட்டது.

“புலவரே, எடுத்துக்காட்டு.” இறக்கிவிடலாம், மற்ற சொல்லுக்கெல்லாம் இறக்கினோமே. பனிச்சரிவிலிருந்து நன்மாறன் மீண்டான் என்று சொல்லலாம். மீண்டான் என்று சொல்ல அவன் முதலில் உள்ளே இருக்க வேண்டும். வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்லும்போதே அவனை உள்ளே தள்ளுகிறோம், இரண்டாம் பாதிக்கு மூச்சு இருக்கிறதோ இல்லையோ. வேறு பேர் போடலாம், முருகன் சுப்பன் என்று எவனாவது. எவனோ ஒருத்தனுடைய பிள்ளை, யார் பெத்ததோ, அவனைத் தூக்கி உள்ளே போட்டு நம் பிள்ளையை வெளியே எடுப்பதா, அதற்கும் வாய் வரவில்லை. படித்த படிப்பெல்லாம் இப்போது பழிவாங்க வந்து நின்றது. பாட்டுடைத் தலைவன் பேரை எந்த எழுத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், எது அமுத எழுத்து, எது நச்செழுத்து, நச்செழுத்தை முதலில் வைத்துப் பாடினால் தலைவனுக்கு ஆகாது, அறம் வைத்துப் பாடினால் ஆளே எரிந்துபோவான். இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிட்டு, இது அந்தக் காலத்து நம்பிக்கை, பரீட்சைக்கு மட்டும் எழுதுங்கள் என்பார். பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்கிறபோது மட்டும் நகரம் அமுத எழுத்தா என்று பார்த்துத்தானே வைத்தார். நகரம் அமுதம். பகரமும் அமுதம், பனி என்று தொடங்கினாலும் குற்றமில்லை. சகரமும் அப்படியே, சரிவுக்கும் குற்றமில்லை. எழுத்தெண்ணி எழுத்தெண்ணி ஒரு விஷமும் கிடைக்கவில்லை, அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது. வாய்விட்டுச் சொல்லுலே என்று சொன்ன இடத்திலிருந்து வருகிறது. “என்ன சார், இதுக்கு இவ்வளவு யோசனை” என்று தமயந்தி கடிகாரத்தைப் பார்த்தாள், அவளுக்குப் பிள்ளையை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவர வேண்டும், அவள்மேல் தப்பில்லை. “லூர்து மேடம், போட்டுக்குங்க. பனிச்சரிவில் நன்மாறன் புதைந்தான்” என்று அவளே சொல்லிவிட்டாள்.

லூர்துமேரியின் விரல்கள் தட்டின. சின்னச் சத்தம்தான், மழை ஓய்ந்த பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி. அது முடிகிற வரைக்கும் புலவர் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், “வேண்டாம்மா” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. “வேண்டாம். அவன் அங்கதான் இருக்கான்.” என்ன சார் என்றாள் தமயந்தி. “பஞ்சாப்ல இல்ல. பொய் சொன்னேன், வீட்டுலயும் சொல்லியிருக்கேன். காலைல டி.வி.யில சொன்னான்லா, அந்தச் சாவடிதான். ராத்திரியிலருந்து ஒரு சேதியும் இல்ல.” சொல்லச் சொல்ல உடம்பு லேசாகும் என்று நினைத்திருந்தார், ஆகவில்லை, இன்னும் கனத்தது, இதுவரைக்கும் தலைக்குள் இருந்தது இப்போது மேசைமேல் எல்லாரும் பார்க்கக் கிடந்தது. மின்விசிறி சுற்றியது. தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள், அவள் கண்ணாடிக்குள் கண் நிறைந்து வழிந்தது, நான் தெரியாம, சார், நான் தெரியாம என்று அதையே சொன்னாள். அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது, எப்படி என்றுதான் தெரியவில்லை. தலைவர் ஆவுடையப்பன் சாமி கும்பிடாத ஆள், ராகுகாலத்தில்தான் கூட்டத்தைத் தொடங்குவேன் என்று வீம்பாக வைத்திருக்கிறவர், நச்செழுத்தாவது நல்லெழுத்தாவது என்று கேலிசெய்து கட்டுரை எழுதினவர். அவர் மெள்ள எழுந்து லூர்துமேரி பக்கத்தில் போய் நின்றார். “அம்மா, அந்தப் பேரை அழி. என் பேரைப் போடு.” அவள் புரியாமல் நிமிர்ந்தாள். “ஆவுடையப்பன் புதைந்தான். போடும்மா. எனக்கு எழுபது தாண்டிட்டு.” அழித்துப் போட்டாள். புலவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது, துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார், துண்டுக்குள்ளே வெயிலும் வேர்வையும் வீட்டுச் சோப்பும் மணத்தன.

துண்டை எடுத்தபோது எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒளிர்ந்துகொண்டிருந்தது. பேர் இல்லை, நம்பர் மட்டும், முன்னால் ஊர் தெரியாத எண். எடுக்கக் கை போகவில்லை. எடுக்காதவரைக்கும் அவன் இருக்கிறான், எடுக்காமலே விட்டால் எடுக்காமலே இருப்பான், அடித்து அடித்து ஓயட்டும், ஓய்ந்தால் அதுபாட்டுக்கு, இல்லை, ஒருவேளை அவனே வேறு எவன் போனிலிருந்தாவது, அப்பா, பயந்துட்டீங்களா என்று. தலைவர் எடுத்து அவர் கையில் வைத்தார். “ஐயா, நன்மாறன் அப்பாவுங்களா” என்றது ஒரு இளங்குரல், இளைத்து இளைத்துப் பேசியது. “நான் வேலூர்ப் பக்கம்ங்க ஐயா, அவன்கூட ஒரே சாவடி. ஆபீசர் பக்கத்துல நிக்கிறாருங்க, அவருக்குத் தமிழ் வராது, என்னைச் சொல்லச் சொல்றாருங்க.” சொல்லுப்பா என்றார். “எங்களையெல்லாம் எடுத்துட்டாங்க ஐயா. அவனையும் எடுத்துட்டாங்க.” எடுத்துட்டாங்க. அந்தச் சொல்லின்மேல் எப்படியாவது உட்கார்ந்துகொள்ளப் பார்த்தார், எடுத்துட்டாங்க என்றால் நல்லதுதானே, ஆஸ்பத்திரியில் போட்டிருப்பார்கள், கை கால் போனால் போகட்டும், வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், உலகம்மாள் பார்த்துக்கொள்வாள். அந்தப் பக்கம் பையன் மூக்கை உறிஞ்சினான். “உசிரு இல்லைங்க ஐயா.” புலவர் தலையாட்டினார், பேசுகிறவனுக்கு அது தெரியாது என்பதுகூட மறந்துபோய் நன்றாக ஆட்டினார். பிறகு, “உனக்குக் கை கால் எல்லாம் சுகமா இருக்காப்பா” என்று கேட்டார். இருக்குங்க ஐயா என்று சொல்லிவிட்டுப் பையன் ஓவென்று அழுதான். “அழாத. உங்க அம்மாவுக்குப் பேசு மொதல்ல” என்று சொல்லி, வைத்தார்.

தமயந்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவள் பாதியில் நின்றாள். தலைவர் கையைப் பிடிக்க வந்தார். புலவர் கொடுத்தார், ஆனால் கண் அவர்மேல் இல்லை, கணினித் திரையில் இருந்தது, அங்கே வெள்ளையில் கறுப்பாக அந்த ஒரு வரி நின்றது. இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை என்று மனசு சொன்னது, அதைப்போல ஒரு கொடுமையான வார்த்தையை அது இதற்கு முன்னால் சொன்னதே இல்லை. எந்த எழுத்தை எங்கே வைத்தாலும் இனி ஒன்றும் ஆகாது. எல்லாம் ஆகிவிட்டது. “லூர்தும்மா” என்றார். குரல் வகுப்பில் பாடம் சொல்கிற குரல் மாதிரித் தெளிவாக வந்தது, அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “தலைவர் பேரை எடுத்திரு. அவரு இருக்காரு, இருக்கட்டும். என் பிள்ளை பேரையே போடு.” அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் தலையைக் குனிந்துகொண்டு, “அவர் சொல்றதைப் போடும்மா” என்றார். அவளுக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தட்டினாள். அவள் முடிக்கிறவரைக்கும் புலவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் வீட்டுக்குப் போய், பிள்ளை இத்தனை நாளும் எங்கே இருந்தான் என்பதிலிருந்து உலகம்மாளிடம் தொடங்க வேண்டும்.